அவசரமும் தாமதமும்

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

  

சற்று முன்பு செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையையும், பொருளாளர் அவர்கள் வரவு செலவுக் கணக்கையும் வாசித்தளித்தார்கள். அடுத்த பொருளாக ஒரு விஷயம் உங்கள் முன் வைக்கப்பட்டுள்ளது. பள்ளிவாசலுக்குப் பின்புறமுள்ள ஜமாஅத்தின் காலி மனையில், தொழிற்சாலைப் பணியாளர்கள் தங்குவதற்கு ஒரு விடுதி கட்டி நடத்த ஒருவர் முன்வந்திருக்கிறார். நீண்ட காலக் குத்தகை, கணிசமான முன்பணம், மாதந்தோறும் வாடகை என்கிறார். ஆனால் பத்து நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்கிறார். வக்ஃபு வாரியத்தின் அனுமதியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் அலுவலகங்களில் எந்தக் கோப்பும் நகராது. ஆகவே இப்போதே ஒப்பந்தம் எழுதிவிடுவோம் என்பது அவர் தரப்பு வாதம்.

நம்மில் ஒரு சாரார், "வந்த வாய்ப்பை விடக்கூடாது" என்கிறார்கள். மற்றொரு சாரார், "இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். இரு சாராரும் ஜமாஅத்தின் நன்மையைத்தான் நாடுகிறார்கள். நான் தொழவைக்கவும் ஓதிக்கொடுக்கவும் அமர்த்தப்பட்டவன். இந்த மனையைக் கொடுங்கள் என்றோ கொடுக்காதீர்கள் என்றோ சொல்லும் தகுதி எனக்கில்லை. எனினும் வாக்களிக்கும் முன் ஒரு விஷயத்தை உங்கள் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறேன். நாம் என்ன முடிவு எடுக்கிறோம் என்பதைப் போலவே, எந்த நேரத்தில், எவ்வளவு தெரிந்த நிலையில் எடுக்கிறோம் என்பதும் பெரிய காரியமாகும். நம் முடிவு பாதி நம்மால் ஆகிறது. மறுபாதி அது எடுக்கப்படும் நேரத்தால் ஆகிறது. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நமது பகுதியிலேயே இருக்கிறது.

ஓர் இரவின் இரு புறமும்

1991 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆம் நாள் இரவு, திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி அவர்கள் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டதை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க முடியாது. தம் கட்சியின் வேட்பாளர் மரகதம் சந்திரசேகர் அவர்களுக்கு வாக்குச் சேகரிக்க அவர் இங்கு வந்திருந்தார். அப்போது நான் மக்தபுக்குச் செல்லும் சிறுவன். கடைகள் அடைபட்டதும், பேருந்துகள் நின்றதும், பெரியவர்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்ததும் நினைவிருக்கிறது.

அந்தத் துயரத்திற்கு முந்தைய நாளான மே 20 அன்றுதான் நாடாளுமன்றத் தேர்தலின் முதற்கட்ட வாக்குப்பதிவு நடந்திருந்தது. மே 23, 26 ஆகிய நாட்களில் நடக்கவிருந்த மற்றக் கட்டங்கள் ஜூன் 12, 15 ஆகிய தேதிகளுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. அதே கட்சிகள், பெரும்பாலும் அதே வேட்பாளர்கள், அதே வாக்குறுதிகள். ஆனால் நாட்டின் ஒரு பகுதி அந்த இரவுக்கு முன்பும், மறுபகுதி அந்த இரவுக்குப் பின்பும் வாக்களித்தது. முற்பகுதியில் காங்கிரஸ் கட்சி பின்தங்கியது. பிற்பகுதியில் பெருமளவில் வென்றது. தமிழகம் ஜூன் மாதத்தில் வாக்களித்தது. அ.தி.மு.க. – காங்கிரஸ் அணி 39 நாடாளுமன்றத் தொகுதிகளையும், சட்டமன்றத்தின் 234 இடங்களில் 225 இடங்களையும் பெற்றது.

முதலில் வாக்களித்த தொகுதிகளும் பின்னர் வாக்களித்த தொகுதிகளும் வெவ்வேறானவை. ஆகவே மாற்றம் முழுவதற்கும் அந்த ஓர் இரவே காரணம் என்று கூறுவது நியாயமாகாது. ஆயினும் தேதி மாறியதால் வாக்காளர் மனம் நின்ற இடமும் மாறியது என்பதை மறுப்பவர் இல்லை. எந்தக் கட்சியையும் உயர்த்தவோ தாழ்த்தவோ இதை நான் கூறவில்லை. மனித மனம் காலத்துக்குக் கட்டுப்பட்டது என்பதை உணர்த்தவே கூறினேன்.

சட்டம் இயற்றியவர்களும் இதனை அறிந்திருக்கிறார்கள். வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் பிரசாரம் ஓய்ந்துவிட வேண்டும் என்பது விதி. எல்லாக் கட்டங்களும் முடியும் வரை, வாக்களித்து வந்தவர்களிடம் கேட்டுத் தொகுத்த கணிப்புகளை வெளியிடக்கூடாது என்பதும் விதி. கடைசி நேரத்தில் வந்து விழும் செய்தி, ஐந்தாண்டு அனுபவத்தைக்கூட ஒரு நொடியில் மறைத்துவிடும் என்ற அச்சமே இவ்விதிகளுக்கு அடிப்படை.

நமது சமுதாய மக்கள் கணிசமாக வாழும் வேலூர்த் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று தமிழகத்தின் மற்ற 38 தொகுதிகளிலும் வாக்குப்பதிவு நடந்தது. வேலூரில் மட்டும், வாக்காளருக்கு வழங்கப் பதுக்கியதாகக் கூறப்பட்ட பெருந்தொகை பிடிபட்டதால், இரண்டு நாட்களுக்கு முன் தேர்தல் ரத்து செய்யப்பட்டது. அந்த 38 இல் 37 தொகுதிகளைத் தி.மு.க. அணி வென்றது. வேலூர் வாக்காளர்கள் ஆகஸ்டு 5 அன்றுதான் வாக்களித்தார்கள். அதற்குள் மத்தியில் யார் ஆட்சி என்பது முடிவாகிவிட்டது. அதே அணி அங்கும் வென்றது. ஆனால் வித்தியாசம் வெறும் 8,141 வாக்குகள். மூன்றரை மாத இடைவெளி ஒரு தொகுதியின் கணக்கை எவ்வளவு நெருக்கமாக்கிவிட்டது பாருங்கள்!

வணிகரும் காலத்தை எதிர்பார்ப்பவரே

வாக்கு உணர்ச்சியால் ஆவது, வணிகம் கணக்கால் ஆவது என்று சிலர் எண்ணலாம். அது சரியன்று.

மீண்டும் 1991 ஐயே நினைவுகூர்வோம். பிரதமர் சந்திரசேகர் அவர்கள் மார்ச் மாதமே பதவி விலகிவிட்டார். புதிய அரசு அமையும் வரை பொறுப்பு அரசாகவே அவரது அமைச்சரவை நீடித்தது. முழுமையான வரவு செலவுத் திட்டத்தைக்கூட அதனால் நிறைவேற்ற இயலவில்லை. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்போ சில வாரங்களின் இறக்குமதிக்கே போதும் என்ற நிலையில் இருந்தது. அந்த மே மாதத்தில் 20 டன் தங்கம் வெளிநாட்டு வங்கி ஒன்றுக்குச் சென்றது. வாக்குப்பதிவு தள்ளிப்போனதால், முடிவெடுக்க அதிகாரமில்லாத அந்தக் காலமும் நீண்டது. ஜூன் 21 அன்று நரசிம்ம ராவ் அவர்கள் பதவியேற்றார். ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. அதே மாதத்தில் ஏறத்தாழ 47 டன் தங்கம் அடகாகச் சென்றது. ஜூலை 24 அன்று புதிய தொழிற்கொள்கையும் புதிய வரவு செலவுத் திட்டமும் அறிவிக்கப்பட்டன. உரிமம் வழங்கும் முறை பெருமளவு தளர்ந்து, அந்நிய முதலீட்டுக்குக் கதவு திறந்தது.

அந்தக் கதவின் வழியாகத்தான் 1996 இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998 இல் அங்கிருந்து முதற் கார்கள் வெளிவந்தன. கதவு திறந்ததற்கும் அடிக்கல் நாட்டியதற்கும் இடையே ஐந்தாண்டுகள்! பெரும் பணம் போடுபவர், சட்டம் மாறியவுடன் ஓடி வருவதில்லை. ஓர் ஆட்சி போய் மறு ஆட்சி வந்தாலும் இந்தக் கொள்கை நிற்குமா என்று பார்க்கிறார். 1996 மே மாதத்தில் தமிழகத்தில் ஆட்சி மாறியது. மாறிய பிறகும் தொழிற்கொள்கை நின்றது, ஆலையும் எழுந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று அணியும் சீருடைகளின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொரு காட்சியையும் கூறுகிறேன். 2024 ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் நாம் ஏப்ரல் 19 அன்று வாக்களித்தோம். ஜூன் 4 அன்றுதான் எண்ணினார்கள். 46 நாட்கள் நம் வாக்குகள் இயந்திரத்தில் பூட்டிக் கிடந்தன. ஜூன் 1 மாலை கணிப்புகள் வெளியாயின. ஜூன் 3 அன்று மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடு 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. மறுநாள் எண்ணிக்கை வேறு விதமாக வரவே, 4,300 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. அந்த இரண்டு நாட்களில் பெட்டிக்குள் இருந்த ஒரு வாக்குகூட மாறவில்லை. எந்தத் தொழிற்சாலையும் கூடுதலாக ஒரு பொருளைச் செய்யவில்லை, குறைவாகவும் செய்யவில்லை. மாறியது மனிதர்களின் எதிர்பார்ப்பு மட்டுமே. முதல் நாள் அவசரப்பட்டு வாங்கியவர் மறுநாள் நஷ்டப்பட்டார். மறுநாள் பயந்து விற்றவர், அடுத்து வந்த நாட்களில் சந்தை மீண்டபோது கைபிசைந்தார்.

பூட்டிய கதவும் திறந்து வைத்த கதவும்

நோக்கியா நிறுவனத்தின் கதையை இப்பகுதியில் அறியாதவர் இலர். 2005 இல் ஒப்பந்தமாகி, 2006 தொடக்கத்தில் உற்பத்தி துவங்கியது. ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாகவும், இன்னும் பல ஆயிரம் பேர் துணை நிறுவனங்கள் வழியாகவும் பிழைத்தார்கள். 2013 ஜனவரியில் வருமான வரிச் சோதனை நடந்தது. எவ்வளவு வரி, எப்போது முடியும், யார் பொறுப்பு என்று எவருக்கும் தெரியாத நிலை. அதே ஆண்டு செப்டம்பரில், தனது கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு விற்பதாக நோக்கியா அறிவித்தது. 2014 ஏப்ரலில் அந்த விற்பனை முடிந்தபோது, வழக்கில் சிக்கிய நம் பகுதி ஆலை மட்டும் அதில் சேராமல் தனியே நின்றது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1 அன்று ஆலை உற்பத்தியை நிறுத்தியது. வருமான வரிப் பிரச்சினை இரு நாடுகளின் உடன்பாட்டு முறையில் தீர்ந்தது 2018 ஆம் ஆண்டில்! விடை வந்தபோது கேள்வி கேட்டவர்கள் அங்கே இல்லை. பின்னர் சால்காம்ப் என்னும் நிறுவனம் அந்த வளாகத்தை வாங்க, அங்கே மீண்டும் உற்பத்தி தொடங்கியது.

வரி சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் செல்லவில்லை. பெரிய தொகை ஒரு நிறுவனத்தை வருத்தும். ஆனால் எவ்வளவு என்றே தெரியாத தொகை அதனை அசையவிடாமல் நிறுத்திவிடும். விருப்ப ஓய்வுப் படிவத்தில் கையெழுத்திடுவதா, இன்னும் சில மாதம் பொறுப்பதா என்று தவித்த தொழிலாளரை எண்ணிப் பாருங்கள். மறுநாள் என்ன நடக்கும் என்பது பெரிய அதிகாரிகளுக்கே தெரியாது. அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்திருந்தவரால் யோசித்து முடிவெடுக்க முடிந்திருக்கும். இரு சக்கர வாகனத்துக்கும் தொலைக்காட்சிக்கும் தவணை கட்டிக்கொண்டிருந்தவருக்கு யோசிக்கவே நேரம் இருந்திராது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் காணுங்கள். மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 இல் அங்கே வேலை நின்றது. குஜராத்தில் இருந்த தனது ஆலையை அது டாட்டா நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. மறைமலை நகர் ஆலையை விற்பது பற்றியும் பேச்சு நடந்தது. ஆனால் விற்கவில்லை, வைத்துக்கொண்டது. அதனால்தான் 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக இந்த ஆலையை மீண்டும் பயன்படுத்த எண்ணுகிறோம் என்று அதனால் அறிவிக்க முடிந்தது. வேலையிழந்த குடும்பங்களின் துன்பம் துன்பம்தான். அதை நான் குறைத்துக் கூறவில்லை. முடிவெடுக்கும் முறையை மட்டும் கவனியுங்கள். நிறுத்துவது என்பது பின்னர் மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவு. விற்பது என்பது மாற்ற முடியாத முடிவு. நாளை தெரியாதபோது முதல் வகையைச் செய்து, இரண்டாம் வகையை ஒத்திவைத்தார்கள்.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

மத்ரஸாவில் நாங்கள் ஃபிக்ஹு பாடத்தில் வியாபாரச் சட்டங்களை ஓதும்போது இரண்டு சொற்களை அடிக்கடி சந்திப்போம். ஒன்று கரர், மற்றொன்று கியார்.

கரர் என்பது முடிவு தெரியாத, மறைந்து நிற்கும் ஆபத்து. மரத்தில் காய் பழுக்கும் தறுவாய்க்கு வந்தது தெளிவாகும் முன் அதனை விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். காற்றடித்து உதிர்ந்துவிட்டால் வாங்கியவர் என்ன செய்வார்? வணிகத்தில் எந்த ஆபத்தும் இருக்கக் கூடாது என்பது இதன் பொருளன்று. விதைப்பவனும் ஆபத்தையே விதைக்கிறான். ஆபத்து முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, மற்றவர் பணத்தோடு நடந்துவிடக் கூடாது என்பதே கருத்து.

கியார் என்பது யோசித்து விலகிக்கொள்ளும் உரிமை. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாற்றப்பட்ட ஒரு தோழருக்கு நபி (ஸல்) அவர்கள் மூன்று நாள் அவகாச உரிமையை அளித்தார்கள். ஒப்பந்தத்திலேயே இப்படி நிபந்தனை வைத்துக்கொள்வதை நம் இமாம்கள் கியாருஷ் ஷர்த் என்று பெயரிட்டு விளக்கியிருக்கிறார்கள். அவசரத்தில் செய்த முடிவைத் திரும்பிப் பார்க்க ஒரு வாசலைத் திறந்து வைத்தது நமது மார்க்கம். "இன்றே முடி, இல்லையேல் விடு" என்று நெருக்குகிறவர் அந்த வாசலைத்தான் அடைக்கிறார்.

சகோதரர்களே! இங்கே என் குறை ஒன்றையும் கூறியாக வேண்டும். நான் இமாமாக வந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு சகோதரர் என்னிடம் மஷ்வரா கேட்டு வந்தார். பணியாளர்களுக்கு வாடகைக்கு விட லைன் வீடுகள் கட்டப்போவதாகச் சொன்னார். மனைவியின் நகைகளை விற்று, ஏலச்சீட்டை எடுத்து, உறவினரிடம் கைமாற்று வாங்கி, ஒரே நேரத்தில் பன்னிரண்டு அறைகள். அந்த மாதமே தொடங்காவிட்டால் பக்கத்து மனைக்காரர் முந்திக்கொள்வார் என்பது அவர் கவலை. "நல்ல காரியம், துஆ செய்கிறேன்" என்று கூறி அனுப்பினேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீடுகள் எழுந்தன, நிரம்பின. அடுத்த ஆண்டே அந்தப் பணியாளர்கள் வேலை செய்த சிறு பட்டறை வேறிடத்துக்குப் பெயர்ந்தது. அறைகள் காலியாயின. ஏலச்சீட்டுக்கு மாதாமாதம் கட்ட வேண்டியது மட்டும் நிற்கவில்லை. இறுதியில் அந்த மனையையே விற்றார். இப்போது வேறோர் ஊரில் இருக்கிறார். என் மீது அவருக்கு வருத்தம் இல்லை, எனக்குத்தான் இருக்கிறது. "நான்கு அறையில் தொடங்கினால் என்ன?" என்று அன்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துஆ கேட்டு வந்தவருக்குக் கேள்வியும் கொடுத்து அனுப்புவது இமாமின் கடமை என்று அதன் பிறகுதான் கற்றேன்.

தாமதமும் ஒரு முடிவே

அப்படியானால் எல்லாவற்றையும் தள்ளிப்போடுவதே அறிவுடைமை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 2025 ஆம் ஆண்டில் என்ன நடந்தது என்பதை நிர்வாகிகள் அறிவார்கள். வக்ஃபு சொத்துகளைப் பதிவு செய்ய உமீத் இணையதளம் ஜூன் 6 அன்று துவக்கப்பட்டது. ஆறு மாத அவகாசம். புதிய சட்டம் குறித்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. "தீர்ப்பு வரட்டும்" என்று பல ஊர்களிலும் காத்திருந்தார்கள். செப்டம்பர் 15 அன்று இடைக்கால உத்தரவு வந்தது. சில பிரிவுகளுக்குத் தடை கிடைத்தது. பதிவு செய்யும் கடமைக்குத் தடை கிடைக்கவில்லை. கடைசி நாட்களில் பத்திரங்களைத் தேடி அலைந்ததும், இணையதளம் சுற்றிக்கொண்டே நின்றதும், இரவெல்லாம் கணினி முன் கண்விழித்ததும் நாடெங்கும் பல ஜமாஅத்துகளின் அனுபவம்.

சட்டம் சரியா என்பது வேறு கேள்வி. அதை நீதிமன்றத்தில் கேட்கலாம். ஆனால் பத்திரத்தைத் தேடி எடுத்து வைப்பதும், அளவு பார்த்து வைப்பதும், நகல் எடுத்து வைப்பதும், எந்தத் தீர்ப்பு வந்தாலும் வீணாகாத வேலைகள். அவற்றைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் பொறுமை அன்று, சோம்பல். பொறுமையையும் சோம்பலையும் பிரித்தறிவது ஜமாஅத்துக்கு மிக அவசியம்.

ஆக நான் கூற வந்தது இதுதான். மாற்ற முடியாத காரியத்தில் பிறர் குறித்துக் கொடுத்த தேதிக்காக அவசரப்படாதீர்கள். எப்படியும் செய்தாக வேண்டிய காரியத்தில், நாளை தெளிவாகும் என்று தாமதிக்காதீர்கள்.

இன்றைய வாக்கெடுப்புக்கு முன்

இப்போது நம் மனைக்கு வருவோம். இந்த அளவுகோலை வைத்து நான்கு கேள்விகளை உங்கள் முன் வைக்கிறேன். இவற்றுக்கு விடை கிடைத்த பின் கொடுப்பதானாலும் மறுப்பதானாலும் அது தெளிந்த முடிவாக இருக்கும்.

முதலாவது, அந்தப் பத்து நாள் கெடு யாருடைய தேவைக்காக? தேர்தல் அறிவிப்பு வந்தால் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வரும் என்பது உண்மையே. அரசு புதிய திட்டங்களை அறிவிக்கவும் அடிக்கல் நாட்டவும் அப்போது இயலாது. ஆனால் இரு தரப்பார் தமக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொள்வதற்கு அந்த விதிகளில் எந்தத் தடையும் இல்லை. தேர்தலின் பெயரைச் சொல்லி நம்மை விரட்டுவதற்கு முகாந்திரம் என்ன என்று அவரிடமே கேட்கலாம்.

இரண்டாவது, வாரியத்தின் அனுமதி கிடைக்காவிட்டால் என்னவாகும்? முன்பணத்தை வாங்கிச் செலவழித்துவிட்டு, அனுமதி வராமல் போனால், திருப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். தெரியாத ஒன்றின் பாரம் முழுவதும் ஜமாஅத்தின் தலையில் விழுகிறது. அனுமதி வந்த பின்பே ஒப்பந்தம் செல்லும் என்று ஒரு வரி எழுத அவர் சம்மதிப்பாரா?

மூன்றாவது, விடுதி நிரம்பாமல் போனால் வாடகை என்னவாகும்? இன்று இரவுப் பணி முடித்து வரும் பேருந்துகளை நாம் காண்கிறோம். நாளையும் அதே எண்ணிக்கையில் வருமா என்று எவராலும் உறுதி கூற முடியாது. ஆலை நின்றால் விடுதிக்காரர் கதவைப் பூட்டிவிட்டுப் போகலாம். பூட்டிய கட்டடத்தோடு நாம் பள்ளிவாசலின் பின்புறம் எத்தனை ஆண்டு காத்திருப்பது?

நான்காவது, நீண்ட குத்தகைக்கு மாறாக, குறுகிய காலத்துக்குக் கொடுத்து, நடந்ததைப் பார்த்து நீட்டிக்க வழியுண்டா? மனை முழுவதையும் கொடுக்காமல், மக்தபு பிள்ளைகளுக்கும் ஜனாஸாத் தேவைகளுக்கும் ஒரு பகுதியை நிறுத்திக்கொள்ள வழியுண்டா? நல்ல எண்ணத்தோடு வந்தவரானால் இந்தக் கேள்விகளால் கோபம் கொள்ளமாட்டார். கோபித்துச் செல்பவரானால், அதுவும் நமக்கு ஒரு விடைதான்.

கேள்விகள் முடிந்தபின் வாக்கெடுங்கள். வாக்கெடுத்தபின் உறுதியாக நில்லுங்கள். உஹதுப் போருக்கு முன், மதீனாவுக்கு உள்ளேயே இருப்பதா, வெளியே சென்று எதிர்கொள்வதா என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். உள்ளே இருப்பதே அவர்களது சொந்தக் கருத்தாக இருந்தது. பத்ருக்கு வரும் வாய்ப்புக் கிடைக்காத இளைஞர்கள் வெளியே செல்லவே விரும்பினார்கள். அக்கருத்தை ஏற்று நபியவர்கள் கவசம் அணிந்து வந்தார்கள். வற்புறுத்திவிட்டோமோ என்று தோழர்கள் வருந்தி, தங்கள் விருப்பப்படியே ஆகட்டும் என்றார்கள். கவசம் அணிந்த பிறகு அதைக் களைவது ஒரு நபிக்குத் தகாது என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்தப் போரில் பேரிழப்பு நேர்ந்தது. அதன் பின்னரும் ஆலோசனையைக் கைவிடும்படி இறைக்கட்டளை வரவில்லை. தோழர்களை மன்னித்து, அவர்களுடன் தொடர்ந்து கலந்தாலோசிக்கும்படியே வந்தது.

இதில் நமக்கு இரண்டு படிப்பினைகள் உண்டு. ஐயப்பட வேண்டிய நேரம் முடிவுக்கு முன்பு. முடிவுக்குப் பின்பு அன்று. முடிவின் விளைவு கசந்துவிட்டது என்பதற்காக, முறையாகக் கலந்து முடிவெடுத்தவர்களைக் குற்றவாளிகளாக்குவதும் முறையன்று. நாளை இந்த மனையால் லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும், "நான் அன்றே சொன்னேன்" என்று தேநீர்க் கடையில் எவரும் பேசவேண்டாம். சொல்ல வேண்டியதை இங்கே, இப்போது சொல்லுங்கள். இளைஞர்களும் எழுந்து பேசுங்கள். திரைக்கு அப்பாலிருந்து சகோதரிகளும் எழுதி அனுப்புங்கள். நகையை விற்கும்போது அவர்களைக் கேட்கிறோம். மனையைக் கொடுக்கும்போது கேட்க வேண்டாமா?

இதே கருத்து உங்கள் சொந்த வாழ்வுக்கும் பொருந்தும். நிலத்துக்குத் தரகர் விலை கூறி, இன்று மாலைக்குள் பதில் கேட்டால், ஓர் இரவு உறங்கி எழுந்து, இரண்டு ரக்அத் தொழுது, இஸ்திகாரா செய்து, விவரம் தெரிந்தவர் இருவரைக் கேட்டுப் பதில் கூறுங்கள். பிள்ளைக்கு வேலை கிடைத்தவுடன் அந்தச் சம்பளத்தை நம்பிப் பத்தாண்டுத் தவணையில் இறங்காதீர்கள். சில மாதச் செலவுக்கான தொகையை முதலில் ஒதுக்குங்கள். அந்தத் தொகைதான் சோதனைக் காலத்தில் யோசிக்கும் நேரத்தை உங்களுக்கு வாங்கித் தரும். பொதுத் தேர்தல் வரும்போது, வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவில் கதவைத் தட்டிக் கொடுக்கப்படும் உறையைத் தொடாதீர்கள். அந்த நேரத்தை அவர்கள் தேர்ந்தெடுப்பதே நீங்கள் சிந்திக்காமல் இருப்பதற்காகத்தான். ஐந்தாண்டு நடந்ததை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, அமைதியான ஒரு நாளில் முடிவு செய்துவிட்டால், கடைசி இரவின் எந்தச் சத்தமும் உங்களை அசைக்காது.

நாளை என்ன நடக்கும் என்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. அதனால்தான் நாம் இன்ஷா அல்லாஹ் என்கிறோம். அந்தச் சொல் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கானதன்று. நம்மால் இயன்ற அளவு விசாரித்து, கலந்து, எண்ணி முடிவெடுத்தபின், நம் கைக்கு எட்டாத மீதியை அவனிடம் ஒப்படைப்பதற்கானது.

வல்ல இறைவன் நமது ஜமாஅத்தின் சொத்துகளையும் ஒற்றுமையையும் பாதுகாப்பானாக! நம் பிள்ளைகளின் ஹலாலான உழைப்பில் பரக்கத் செய்வானாக! வேலையின்றித் தவிப்போருக்கு நல்வழி திறப்பானாக! அவசரப்படக்கூடாத இடத்தில் நிதானத்தையும், தாமதிக்கக்கூடாத இடத்தில் சுறுசுறுப்பையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.